மீசையில் மண் ஒட்டாத கணக்கு

விசுவமடு
27.05.2024

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

விடயம்: உசிக் – ஃபியூரி குத்துச்சண்டைப் போட்டிக்கான என் கணிப்பைத் தவறென்று தள்ளியது பற்றிய முறைப்பாடு

ஐயா,

பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். உங்கள் பந்தயச் செயலியில் இரண்டு வருடமாக எனக்குக் கணக்கு இருக்கிறது. பெரும்பாலும் கிரிக்கெட்டுக்கு இருநூறு, முந்நூறு ரூபா கட்டுவேன், தோற்பேன், பேசாமல் இருப்பேன். தோற்றதற்காக ஒருநாளும் உங்களுக்குக் கடிதம் எழுதியதில்லை. இது வென்றதற்காக எழுதுகிற கடிதம்.

ஜனவரி கடைசியில், "மூன்றும் சரியானால் ஒன்பது மடங்கு" என்று நீங்கள் அறிவித்த கணிப்புக்கு 2,000 ரூபா கட்டினேன். வெல்வது யார், எந்த வகையில் வெல்வார், யாராவது வீழ்த்தப்படுவாரா என்று மூன்று கேள்விகள். உசிக், புள்ளிகளில், ஆம் என்று பதில் கொடுத்தேன்.

கடைக்கு வருகிற பெடியன்கள் சிரித்தார்கள். ஃபியூரி 6 அடி 9 அங்குலம், உசிக் 6 அடி 3 அங்குலம். எடையிலும் பெரிய வித்தியாசம். ஆனால் நான் கண்ணை மூடிக்கொண்டு கட்டவில்லை. உசிக் இடதுகைக்காரர், கால் ஓரிடத்தில் நிற்காது. கீழ் எடைப் பிரிவில் நான்கு உலகப் பட்டங்களையும் 2018இல் ஒன்றாகச் சேர்த்துவிட்டு, ஹெவிவெயிட் என்கிற ஆகக் கூடிய எடைப் பிரிவுக்கு வந்தவர். அங்கே ஜோஷுவா என்ற பெரிய வீரரை 2021இலும் 2022இலும் வென்றார், இரண்டு முறையும் புள்ளிகளில்தான். ஃபியூரி விழுந்தாலும் எழும்பி வருகிற ஆள். வைல்டர் என்ற இன்னொரு ஹெவிவெயிட் வீரர் அவரை எத்தனை முறை விழுத்தினார்! 2023 ஒக்டோபரில், முதல் தடவை தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு வந்த நங்கானுகூட அவரைத் தரையில் இருத்தினார். ஆகவே விழுவார், ஆனால் பன்னிரண்டு சுற்றும் நிற்பார் என்று கணக்குப் போட்டேன்.

போட்டி அப்போது பெப்ரவரி 17 என்றுதான் இருந்தது. பயிற்சியில் ஃபியூரிக்குக் கண்ணுக்கு மேலே வெட்டுக்காயம் பட, மே 18க்குத் தள்ளிப்போட்டார்கள். காசைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டேன். "கட்டிய பந்தயம் புதிய திகதிக்கும் செல்லும்" என்று பதில் அனுப்பினீர்கள். சரி என்று விட்டுவிட்டேன். ஆனால் வன்னியில் இருக்கிற எவரும் அந்தத் திகதிக்கு விரும்பிப் பந்தயம் கட்டமாட்டார்கள் என்பதை இங்கே குறித்துவைக்கிறேன்.

அன்று காலை குடும்பத்தோடு முள்ளிவாய்க்காலில் நின்றேன். பதினைந்தாவது வருடம். சிரட்டையில் கஞ்சி வாங்கிக் கையில் வைத்திருக்கும்போது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. "இன்றிரவு திருவிழா! இன்னும் கட்டவில்லையா?" என்று உங்கள் குறுஞ்செய்தி. மத்தியானத்துக்கிடையில் அதே செய்தி மூன்று தடவை. பக்கத்தில் மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். போனை நிற்பாட்டி வைத்தேன். இதற்கு நீங்கள் காசு தர வேண்டியதில்லை. ஆனால் ஆர் இதை அனுப்புகிறார், நாள் பார்த்து அனுப்புகிறாரா என்று உங்கள் அலுவலகத்தில் ஒருக்கால் விசாரியுங்கள்.

போட்டி எங்களுக்கு 19ஆம் திகதி விடியப்புறம். கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, பழைய டயர் ஒன்றில் போனைச் சாத்திவைத்து நாலு பேர் பார்த்தோம். படம் நின்று நின்றுதான் வந்தது. ஒன்பதாம் சுற்றில் உசிக்கின் இடதுகை பட்டது. அதன்பிறகு ஃபியூரி நடந்ததை என்னென்று சொல்ல, கள்ளுத்தவறணையிலிருந்து வருகிறவர் வேலியைப் பிடித்துப் பிடித்து வீட்டுக்குப் போவாரே, அப்படி ஒரு கயிற்றிலிருந்து மறு கயிற்றுக்குப் போனார். விழவேண்டிய உடம்பைக் கயிறு தாங்கியது. மத்தியஸ்தர் உள்ளே புகுந்து உசிக்கை விலக்கி, எட்டு வரை எண்ணினார். எண்ணி முடிந்து கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. அந்த மணிதான் ஃபியூரியைக் காப்பாற்றியது என்பது என் அபிப்பிராயம், அது வேறு கதை.

கடைசியில் உசிக் வென்றார், புள்ளிகளில் வென்றார். 18,000 ரூபா வரும் என்று இருந்தேன். வந்தது இதுதான்: "மூன்றில் இரண்டு சரி. போட்டியாளரின் உடல் தளத்தைத் தொடாததால் வீழ்த்தல் இல்லை."

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்வார்கள். விழுந்தவர் அப்படிச் சொன்னால் விளங்கிக்கொள்ளலாம். அவருக்காக நீங்கள் ஏன் சொல்கிறீர்கள்?

தொழில்முறைக் குத்துச்சண்டை விதியில், கயிறு தாங்கித்தான் ஒருவர் நிற்கிறார் என்று மத்தியஸ்தர் கண்டால் அதுவும் வீழ்த்தல்தான். விதியைப் புரட்ட நேரம் இல்லையென்றால் கூட்டிப் பாருங்கள், அதுவே போதும். ஒரு சுற்றில் வென்றவருக்கு 10, மற்றவருக்கு 9. இரண்டும் சேர்ந்து 19. பன்னிரண்டு சுற்றுக்கு 228. வீழ்த்தப்பட்டவருக்கு 9க்குப் பதிலாக 8. அன்று மூன்று நடுவர்களும் கொடுத்த புள்ளிகள்: உசிக்குக்கு 115–112, உசிக்குக்கு 114–113, ஃபியூரிக்கு 114–113. எந்தச் சோடியைக் கூட்டினாலும் 227. மூன்று பேரிடமும் அந்த ஒரு புள்ளி எங்கே போனது? ஒன்பதாம் சுற்றில் போனது.

இன்னொன்றையும் பாருங்கள். நீங்கள் சொல்கிறபடி வீழ்த்தல் இல்லையென்றால் அந்தப் புள்ளியை ஃபியூரிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்போது முதல் நடுவரிடம் 115–113 உசிக், இரண்டாமவரிடம் 114–114, மூன்றாமவரிடம் 115–113 ஃபியூரி. ஆளுக்கொன்று, ஒன்று சமம். போட்டியே சமநிலை! லெனொக்ஸ் லூயிஸ் 1999இல் சேர்த்த பிறகு ஹெவிவெயிட்டில் எல்லாப் பட்டங்களையும் ஒருவரே சேர்த்தது இப்போதுதான் என்று உலகம் பேசுகிறதே, அது அந்த ஒரு எண்ணலில் தொங்குகிறது. உசிக் வென்றார் என்ற பதிலைச் சரி என்கிறீர்கள், அவரை வெல்லவைத்த வீழ்த்தலை இல்லை என்கிறீர்கள். உங்கள் நிபந்தனைகளிலேயே "போட்டியின் உத்தியோகபூர்வ முடிவே இறுதியானது" என்று இருக்கிறது. உத்தியோகபூர்வ முடிவைத்தான் நானும் காட்டுகிறேன்.

இதைச் சொல்ல உங்கள் இலக்கத்துக்கு நாலு தடவை எடுத்தேன். தமிழுக்கு 2 என்றார்கள், 2ஐ அழுத்தினால் சிங்களத்தில் பேசினார்கள். நாலாவது தடவை ஒரு தங்கச்சி தமிழில் பேசினார். "அண்ணா, நீங்க சொல்றது எனக்கு விளங்குது, மேல சொல்லிப் பாக்கிறன்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு நாளால் மேலிடத்திலிருந்து வந்தது, அடுத்த போட்டிக்கு 500 ரூபா "இலவச வாய்ப்பு". அதைக் காசாக எடுக்க முடியாது, திரும்ப உங்களிடமே கட்டத்தான் முடியும். வேண்டாம். மனைவி கேட்டுவிட்டு, "முதல் கட்டின ரெண்டாயிரத்துக்கு எத்தனை நாள் கறி வாங்கியிருக்கலாம்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் ஏதும் இருந்தால் அதையும் எழுதலாம்.

நான் கேட்பது 18,000 ரூபா. தரமுடியாது என்றால், தளத்தைத் தொட்டால்தான் வீழ்த்தல் என்ற விதி ஜனவரியில் நான் கட்டும்போது எங்கே இருந்தது என்று தமிழில், எழுத்தில், பதினான்கு நாளுக்குள் காட்டுங்கள். இரண்டில் எதைச் செய்தாலும் என் கணக்கை மூடி, என் இலக்கத்தைக் குறுஞ்செய்திப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பந்தயச் சீட்டின் படம், உங்கள் பதில்கள், 18ஆம் திகதிக் குறுஞ்செய்திகள் மூன்று, நடுவர்களின் புள்ளிகள் எல்லாம் இணைத்திருக்கிறேன். தொலைபேசியில் பேசுவதென்றால் பின்னேரம் 6 மணிக்குப் பிறகு எடுங்கள். பகலில் கொம்பிரசர் சத்தத்தில் ஒன்றும் கேட்காது.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்,
விசுவமடு.