வேலை செய்பவர்களில் ஆண்கள் 68ஆ, 82ஆ? மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

இந்தியத் தலைமைப் பதிவாளரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையருமான தங்களுக்கு,

வணக்கம். 2027 பிப்ரவரியில் உங்கள் கணக்கெடுப்பாளர்கள் வீடு வீடாக வரப்போகிறார்கள். 2011க்குப் பிறகு இப்போதுதான். சாதிக் கணக்கு, தொகுதி மறுவரையறை என்று ஊரெல்லாம் பேச்சாக இருக்கிறது, அதெல்லாம் பேச வேண்டியதுதான். ஆனால் வேலை பற்றிய கேள்விகளைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் துறையின் பழைய எண்களையே வரிசையாக வைத்துப் பாருங்கள். 1961ல் இந்தியாவில் வேலை செய்பவர்கள் நூறு பேர் என்றால் அதில் 68 பேர் ஆண்கள். 1971ல் அது 82ஐத் தாண்டியது. 2011ல் திரும்பவும் 69. ஐம்பது வருடம் கழித்துக் கிளம்பிய இடத்துக்கே வந்திருக்கிறது. நடுவில் என்ன ஆனது? 1961ல் சுமார் 6 கோடியாக இருந்த பெண் தொழிலாளர்கள் 1971ல் 3 கோடி சொச்சம் ஆனார்கள். பத்தே வருடத்தில் பாதிப் பெண்கள் நடவையும் களையெடுப்பையும் விட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார்களா என்ன?

மாறியது பெரும்பாலும் கேள்விதான். 1961ல் விவசாயம், மாடு வளர்ப்பு, வீட்டுத்தொழில் மாதிரியான பருவ வேலைகளில், அந்தப் பருவத்தின் பெரும்பகுதி நாட்களில் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தாலே தொழிலாளி என்று எழுதினீர்கள். 1971ல் முதலில் "முக்கியமான வேலை என்ன" என்று கேட்டீர்கள். சமைத்து, பிள்ளைகளைப் பார்த்து, அப்புறம் காட்டுக்கும் போய் வருகிற பெண்ணுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் "வீட்டு வேலை" என்றுதான் வந்திருக்கும், அதோடு அவர் தொழிலாளர் கணக்கிலிருந்து வெளியே. 1981ல், வருடத்தில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தவர் முதன்மைத் தொழிலாளர், அதற்குக் குறைவாகச் செய்தவர் குறுகிய காலத் தொழிலாளர் என்று பிரித்தீர்கள். 1991ல்தான் சொந்த நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ சம்பளமில்லாமல் செய்வதும் வேலைதான் என்று கேள்வியிலேயே சேர்த்தீர்கள். அது நல்ல திருத்தம், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் 2011லும் தொழிலாளர் என்று எழுதப்பட்ட பெண்களில் ஐந்தில் இரண்டு பேர் குறுகிய காலம் என்ற பெட்டிக்குள்தான் இருந்தார்கள்.

இப்போது இதைக் கிளறுவதற்குக் காரணம் இருக்கிறது. புள்ளியியல் அமைச்சகம் எடுக்கிற காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுபவர்களும் 2017-18ல் 23.3 சதவீதம், 2023-24ல் 41.7 சதவீதம். அதே காலத்தில் ஆண்கள் 75.8லிருந்து 78.8க்குப் போனார்கள். ஆணும் பெண்ணும் சரிபாதி என்று வைத்துக் கணக்குப் போட்டால், வேலையில் இருப்பவர்களும் தேடுபவர்களும் சேர்ந்த மொத்தத்தில் ஆண்களின் பங்கு நூற்றுக்கு 76லிருந்து 65க்கு வந்திருக்கிறது. ஆண்களின் பங்கு குறைந்தது என்று சொன்னவுடனே, ஆண்கள் வேலையைப் பெண்கள் பிடுங்கிக்கொண்டார்கள் என்று சண்டைக்கு வருகிறார்கள். அது தப்பு. ஆண்கள் முன்பைவிட அதிகமாகத்தான் வேலையில் இருக்கிறார்கள், கூடவே பெண்கள் இன்னும் வேகமாக உள்ளே வந்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெண்கள் யார்? 2023-24ல் வேலையில் இருந்த பெண்களில் சுமார் 37 சதவீதம் பேர் குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் கைகொடுப்பவர்கள். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் எத்தனை பேர், ஏற்கெனவே செய்துகொண்டிருந்து இப்போதுதான் கணக்கில் ஏறியவர்கள் எத்தனை பேர்? இதைச் சரிபார்க்க நாட்டில் எல்லா வீட்டுக்கும் போகிற ஒரே கணக்கு உங்களுடையது.

இரண்டு மாடு வைத்திருக்கிற எந்த வீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். விடிவதற்குள் சாணி அள்ளி, தண்ணீர் காட்டி, பால் கறந்து, கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டியில் ஊற்றிவிட்டு வருவது அந்த வீட்டுப் பெண். சாயங்காலம் புல் அறுத்து வந்து மறுபடியும் அதே வேலை. சொசைட்டி அட்டை பெரும்பாலும் புருஷன் பேரில் இருக்கும். கணக்கெடுப்பாளர் வந்து கேட்டால் திண்ணையில் இருக்கிற ஆண்தான் பதில் சொல்வார்: "நான் விவசாயம், அவ வீட்டு வேலைதான் சார்." அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அது வேலையாகவே தெரியவில்லை. தறி போட்ட வீட்டிலும் இதே கதைதான், நெய்கிறவர் நெசவாளி, நூலைத் தாரில் சுற்றிக் கொடுக்கிற மனைவிக்குக் கணக்கில் பேரில்லை.

இந்த முறை இணையதளத்தில் குடும்பமே விவரத்தைப் பதிந்துகொள்ளலாம் என்கிறீர்கள். வசதிதான், ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. போன் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் வீட்டில் எல்லோருக்கும் சேர்த்துப் பதில் போடுவார், கணக்கெடுப்பாளர் நேரில் வந்தாலாவது உள்ளே இருக்கிற அம்மாவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்க வாய்ப்பு உண்டு.

ஆகவே நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டில் பெண் இருந்தால் அவருடைய வேலையை அவரிடமே கேட்கச் சொல்லுங்கள். மொட்டையாக "வேலை செய்கிறீர்களா" என்று கேட்காமல் மாடு பார்க்கிறீர்களா, வயலுக்குப் போகிறீர்களா, பீடி சுற்றுகிறீர்களா, கடையில் உட்காருகிறீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்கப் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுங்கள், இணையதளத்திலும் அந்தக் கேள்விகள் தானாக வரட்டும். கணக்கெடுப்பாளர்களில் நிறையப் பேர் பள்ளி ஆசிரியர்கள், ஒரு தடவை விளக்கினால் பிடித்துக்கொள்வார்கள். அப்புறம் முடிவை வெளியிடும்போது சம்பளமில்லாமல் உழைப்பவர்களை ஆண், பெண் வாரியாகத் தனி அட்டவணையாகப் போடுங்கள், கேள்வியின் வாசகம் 2011லிருந்து எங்கே மாறியிருக்கிறது என்பதையும் அதே பக்கத்தில் அச்சிடுங்கள். பயிற்சிக் கையேட்டை இறுதி செய்யும் முன் இதைப் பரிசீலிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு குடிமகள்