தோட்டாப் பங்கீடு குறித்து ரைபிள் கிளப் நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பதக்கத்துக்காக அல்லாமல் விருப்பத்துக்காகத் துப்பாக்கி சுடும் ஓர் உறுப்பினராக இந்த மடலை எழுதுகிறேன். தோட்டா கிடைப்பது அரிதாகி, கிடைப்பதும் விலையேறிக் கிடக்கும் இக்காலத்தில், கழகத்துக்கு வந்து சேரும் சரக்கைப் பிரிப்பதை அன்றன்றைக்குத் தோன்றியபடி விட்டுவிடக் கூடாது என்பதே என் முறையீடு. முதலில் வந்தவருக்கு, கையில் பணம் இருப்பவருக்கு, வேண்டியவருக்கு என்று போகும் பங்கீட்டை நிறுத்தி, சுடுதளத்தில் உண்மையாகவே சுடுபவருக்கு அவர் சுடும் அளவுக்கு என்று மாற்றுங்கள். அதிலும், புதிதாகச் சேர்ந்தவர்களின் பங்கை முதலில் எடுத்து வைத்துவிட்டு, எஞ்சியதைப் பிரியுங்கள்.

தட்டுப்பாடு கழகங்களால் உண்டானதல்ல என்பதை அறிவேன். அதற்காக உங்களைக் குறை சொல்ல வரவில்லை. ஒரு தோட்டா என்பது பித்தளைக் கூடு, குண்டு, உந்துமருந்து, அதைப் பற்றவைக்கும் பிரைமர் ஆகியவை சேர்ந்தது. பித்தளைக்குச் செம்பும் துத்தநாகமும் வேண்டும். உந்துமருந்தின் அடிப்படையான நைட்ரோசெல்லுலோஸ், பருத்தி விதையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சிலிருந்தோ மரக்கூழிலிருந்தோ செய்யப்படுகிறது. பிரைமரில் இருப்பது லெட் ஸ்டிஃப்னேட் போன்ற, கையாளவே அஞ்ச வேண்டிய வேதிப்பொருள். அதனால் அதைத் தயாரிக்கும் ஆலைகளும் சிலவே. இவற்றில் ஒன்று வராமல் போனாலும் மற்றவை கிடங்கில் காத்துக் கிடக்க வேண்டியதுதான். 2022இல் உக்ரைன் போர் மூண்ட பிறகு உந்துமருந்துக்கு இராணுவங்களின் தேவை பெருகியது. விளையாட்டுக்காகச் சுடுபவர்கள் வரிசையின் கடைசிக்குப் போனார்கள்.

ஆலைகள் ஏன் கூடுதல் இயந்திரம் போடக் கூடாது என்று கேட்பவர்கள், உலகின் மிகப் பெரிய தோட்டாச் சந்தையான அமெரிக்காவில் நடந்ததைப் பார்க்க வேண்டும். அங்கே 2012 டிசம்பரில் நிகழ்ந்த பள்ளிப் படுகொலைக்குப் பின், சட்டம் இறுகப் போகிறது என்ற அச்சத்தில் மக்கள் வாங்கிக் குவித்ததில், சிறுவர்கள் பழகும், 0.22 அங்குல அளவுள்ள சிறிய .22 தோட்டாகூட நெடுநாள் கடைகளில் தங்கவில்லை. 2016ஆம் ஆண்டுத் தேர்தலில் துப்பாக்கி உரிமையை ஆதரித்த டிரம்ப் வென்று அந்த அச்சம் தணிந்ததும் விற்பனை சரிந்தது. 2020இல் பெருந்தொற்றோடு அடுத்த அலை எழுந்தபோது, துப்பாக்கியும் தோட்டாவும் செய்துவந்த, 1816இல் தொடங்கப்பட்ட ரெமிங்டன் நிறுவனம் திவால் மனு கொடுத்திருந்தது. அதன் தோட்டாப் பிரிவை விஸ்டா அவுட்டோர் நிறுவனம் வாங்கிக்கொண்டது. இப்படி ஏறி இறங்கும் வணிகத்தில், போட்ட முதல் திரும்பப் பல ஆண்டு பிடிக்கும் இயந்திரங்களை வாங்க யாரும் தயங்கத்தான் செய்வார்கள். ஆகவே இந்தத் தட்டுப்பாடு தீர்ந்தாலும் இன்னொன்று வரும். பங்கீட்டு விதி ஒன்று நிலையாக எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று நான் கேட்பது அதனால்தான்.

பற்றாக்குறையின் ஒரு பகுதி நம் கையாலேயே உண்டாவது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மாதம் ஒரு பெட்டி சுடுபவர், அடுத்த சரக்கு வராதாம் என்று காதில் விழுந்ததும் ஆறு பெட்டி வாங்குகிறார். அவற்றில் ஐந்து அவர் வீட்டுப் பெட்டகத்தில் உறங்குகின்றன. அலமாரி காலியாக இருப்பதைக் கண்ட அடுத்தவர், சரக்கு வந்த அன்றே எட்டுப் பெட்டிக்குச் சொல்லி வைக்கிறார். இதில் யாரையும் கெட்டவர் என்று சொல்ல முடியாது. அவரவர் கணக்கில் அவரவர் செய்தது சரியே. எல்லார் கணக்கும் சேரும்போதுதான் சுடுதளம் வெறிச்சோடி, பெட்டகங்கள் நிறைந்து கிடக்கின்றன. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று, கழக விலைக்கு வாங்கிய பெட்டியைச் சக உறுப்பினருக்கே ஏற்றிய விலைக்கு விற்பவர்கள் வேறு வகை. அவர்கள் மீது உறுப்பினர் விதிப்படி நடவடிக்கை எடுப்பதில் தயக்கம் தேவையில்லை.

தலைக்கு இத்தனை பெட்டி என்று வரம்பு கட்டுவதே பல கழகங்களின் முதல் யோசனையாக இருக்கிறது. அது நியாயமாகத் தெரிந்தாலும் நடைமுறையில் பயன் தருவதில்லை. ஆண்டுக்கு இருமுறை எட்டிப் பார்க்கும் உறுப்பினரும், உரிமை இருக்கிறதே என்று தன் பங்கை முழுதாக வாங்கிச் செல்கிறார். வாரந்தோறும் வருபவருக்கு அதே பங்கு போதாமல் போகிறது. அதற்கு மாறாக, யார் எந்த நாளில் எத்தனை தோட்டா சுட்டார் என்று சுடுதளத்தில் எழுதப்படும் பதிவேட்டை அடிப்படையாகக் கொள்ளுங்கள். கடந்த ஆறு மாதச் சராசரியே ஒருவரின் பங்காக இருக்கட்டும். அன்றைக்குச் சுடுவதற்கானதை அன்றே சுடுதளத்தில் கொடுத்து, வெற்றுக் கூடுகளை எண்ணி வாங்கிக்கொண்ட பிறகே அடுத்த பெட்டியைத் தாருங்கள். கையிருப்பு எவ்வளவு, அடுத்த சரக்கு எப்போது எதிர்பார்க்கப்படுகிறது, என்ன விலைக்கு வாங்கினோம் என்பதை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டால், வதந்திக்கு இருக்கும் இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

போட்டியாளர்களுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும் என்பதை நான் எதிர்க்கவில்லை. 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில் மண்டியிட்டும் படுத்தும் நின்றும் நிலைக்கு 20 வீதம் 60 தோட்டா கணக்கில் சேரும். முன்னோட்டமாகச் சுடுபவை தனி. அந்த அளவில் பழகுபவருக்குத் தோட்டா எந்தத் தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்தது என்று காட்டும் தொகுதி எண்கூட முக்கியம், ஏனெனில் ஒரே தயாரிப்பிலும் ஒவ்வொரு தொகுதியும் ஒவ்வொரு குழலில் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும். எங்களைப் போன்றவர்களின் கைக்கு அந்த வேறுபாடு எட்டாது. ஒரே தொகுதி எண் கொண்ட பெட்டிகளை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, பல தொகுதிகளில் மிஞ்சிய உதிரிப் பெட்டிகளை எங்களுக்குக் கொடுங்கள்; மனமார ஏற்றுக்கொள்வோம். நாங்கள் கேட்பதெல்லாம், அவர்களது ஒதுக்கீட்டின் அளவு எழுத்தில் இருக்க வேண்டும், ஆண்டு நடுவில் யாருக்கும் தெரியாமல் அது வளரக் கூடாது என்பது மட்டுமே.

புதியவர்களின் பங்கை முதலில் எடுத்து வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழகியவர் ஒரு மாதம் சுடாமல் இருந்தாலும் அவர் கற்றது அவரோடு இருக்கும். பாதுகாப்பு வகுப்பை முடித்துவிட்டு, தோட்டா வரட்டும் என்று இரண்டு மாதம் பெஞ்சில் உட்கார வைக்கப்படும் இளைஞர் மூன்றாம் மாதம் வருவதில்லை. அவர் போனால் சந்தாவும் போகும், நாளை சுடுதளத்தைக் காக்கும் கையும் போகும்.

இனி, இருப்பதைக் கொண்டு நன்றாகப் பழகுவது எப்படி என்பதற்கு வருகிறேன். குழுவின் பொறுப்பு விற்பனையோடு முடிந்துவிடுவதில்லை. எந்தச் சுடுதளத்திலும் இந்தக் காட்சியைக் காணலாம்: ஐம்பது தோட்டாப் பெட்டியைத் திறந்தவர் முதல் இருபதை அக்கறையோடு சுடுவார், அடுத்த இருபதில் தோள் தளரும், கடைசிப் பத்தைப் பெட்டியைக் காலி செய்வதற்காகவே சுடுவார். இலக்கு அட்டையில் அந்தப் பத்தும் எங்கெங்கோ சிதறிக் கிடக்கும். அந்தப் பத்தில் அவர் கற்றது ஏதாவது இருந்தால், விசையை வெடுக்கென்று இழுக்கும் பழக்கம்தான். தோட்டா மலிவாக இருந்தபோது இதை யாரும் கண்டுகொள்ளவில்லை. இப்போது பயிற்சியாளர்கள் பெட்டிக் கணக்கை விட்டுவிட்டு, பத்துத் தோட்டாவுக்கு ஒரு பயிற்சி என்று வகுத்துத் தரலாம். ஒவ்வொரு முறை சுட்டதும், தொலைநோக்கியில் பார்ப்பதற்கு முன்பே, குண்டு எங்கே பட்டிருக்கும் என்று சொல்லிக் குறித்துக்கொள்ளப் பழக்கினால், அந்தப் பத்துத் தோட்டா ஐம்பதின் வேலையைச் செய்யும்.

அதைவிடப் பெரிய மிச்சம் டிரை ஃபயரில் இருக்கிறது. தோட்டா இல்லாத துப்பாக்கியில் விசையை இழுக்கும்போது ஓசையும் அதிர்வும் இல்லாததால், விசை விடுபடும் கணத்தில் குழல் முனையில் உள்ள முன்குறி எந்தப் பக்கம் அசைந்தது என்பது அப்படியே கண்ணுக்குத் தெரியும். மெய்யாகச் சுடும்போது வெடியதிர்ச்சி மறைத்துவிடும் பிழைதான் இது. உயர்நிலை வீரர்கள் பயிற்சியின் கணிசமான பகுதியை இவ்வாறே கழிக்கிறார்கள். குறி நகர்ந்த தடத்தைத் திரையில் வரைந்து காட்டும் ஸ்காட் போன்ற மின்னணுக் கருவிகளும் இதற்கென்றே உள்ளன. அப்படி ஒரு கருவியைக் கழகம் வாங்கி எல்லாரும் முறை வைத்துப் பயன்படுத்தினால் அது வீண் செலவாகாது. ஓர் எச்சரிக்கை: பல .22 துப்பாக்கிகளில் தோட்டா அமரும் அறை காலியாக இருக்கும்போது விசையை இழுத்தால், தோட்டாவைத் தட்டி வெடிக்கச் செய்யும் சுடுமுள் அறையின் விளிம்பில் மோதிச் சேதப்படுத்தும்; தயாரிப்பாளர் அனுமதித்திருக்கிறாரா என்று பார்த்து, இல்லையென்றால் மருந்தில்லாத டம்மி தோட்டா இட்டே பழக வேண்டும். டிரை ஃபயர் நடக்கும் அறைக்குள் மெய்யான தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதைக் கழக விதியாகவே எழுதுங்கள்.

ஏர் ரைபிளும் ஏர் பிஸ்டலும் சிறுவர் பொழுதுபோக்கு என்ற எண்ணம் மூத்த உறுப்பினர் சிலரிடம் இன்னும் இருக்கிறது. 10 மீட்டர் ஏர் ரைபிள் இலக்கில் பத்துப் புள்ளிக்குரிய நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர்தான் என்பதை நினைத்தால் அந்த எண்ணம் போய்விடும். காற்றழுத்தத்தால் பாயும் 4.5 மில்லிமீட்டர் பெல்லட் என்னும் சிறுகுண்டுக்குப் பிரைமரும் வேண்டாம், உந்துமருந்தும் வேண்டாம். வாரத்தின் சில நாள்களையாவது ஏர் துப்பாக்கிக்கு ஒதுக்குங்கள்.

சுட்ட வெற்றுக் கூட்டில் மறுபடி மருந்தும் குண்டும் இட்டுத் தோட்டாவாக்கும் மறுநிரப்பலைப் பற்றி நான் நிதானமாகவே பேச விரும்புகிறேன். .22 தோட்டாவில் பற்றவைக்கும் கலவை கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருப்பதாலும், சுடும்போது அந்த விளிம்பு நசுங்கிவிடுவதாலும், அதை மறுபடி நிரப்புவது நடைமுறைக்கு ஒவ்வாது. நடுவில் பிரைமர் பொருத்தும் பெரிய தோட்டாக்களில், சட்டம் அனுமதிக்கும் நாடுகளில், கூட்டைப் பலமுறை பயன்படுத்தலாம். ஆனால் தோட்டா இல்லாத காலத்தில் பெரும்பாலும் பிரைமரும் கிடைப்பதில்லை; இந்த வழி தட்டுப்பாட்டைத் தீர்க்கும் என்பதைவிடச் செலவைக் குறைக்கும் என்பதே சரி. அடுத்தவர் வீட்டில் நிரப்பிய தோட்டாவைக் கழகத்தில் விற்கவோ கைமாற்றவோ விடாதீர்கள். மருந்தின் அளவு தவறினால் வெடிப்பது துப்பாக்கியே.

பழைய சரக்கைத் தேடிப் போகும் உறுப்பினர்களுக்காக இதையும் அறிவிப்புப் பலகையில் சேர்க்கலாம். வெப்பமும் ஈரமும் உந்துமருந்தைக் கெடுக்கும். எங்கே எப்படி வைத்திருந்தார்கள் என்று தெரியாத பெட்டி மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். விசை இழுத்தும் வெடிக்காவிட்டால் குழலை இலக்கை நோக்கியே பிடித்து, குறைந்தது 30 வினாடி பொறுத்த பிறகே திறக்க வேண்டும். ஓசை மெலிதாகக் கேட்டால், குண்டு குழலுக்குள் சிக்கியிருக்கிறதா என்று பார்க்காமல் அடுத்ததைச் சுடக் கூடாது.

அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் பங்கீட்டு விதியைத் தனிப் பொருளாகச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முன், கடந்த ஆறு மாதப் பதிவேட்டின் சுருக்கத்தையும் இப்போதைய கையிருப்பையும் உறுப்பினர்களுக்குச் சுற்றறிக்கையாக அனுப்புங்கள். வெற்றுக் கூடுகளையும் குண்டுத் தடுப்பில் சேரும் ஈயத்தையும் விற்று வரும் பணம் எங்கே போகிறது என்ற கணக்கும் அதில் இருக்கட்டும். அதைப் புதியவர்களின் தோட்டாச் செலவுக்குத் திருப்பிவிட வேண்டும் என்ற தீர்மானத்தை நானே முன்மொழியத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
சந்தா செலுத்தும் சாதாரண உறுப்பினர் ஒருவர்