நத்தாருக்குக் காசு சேர்க்க வேண்டியது கச்சான் காலத்தில்

ஆசிரியருக்கு வணக்கம்.

யூன் மாதத்தில் நத்தாரைப் பற்றிக் கடிதம் எழுதுகிறாளே, இவளுக்கு என்ன விசரா என்று நினைக்க வேண்டாம். இதையே டிசெம்பரில் எழுதினால் ஒருவருக்கும் பயனில்லை. பண்டிகைச் செலவைத் திட்டமிடுவது எப்படி என்று பத்திரிகையிலும் வானொலியிலும் ஆலோசனை சொல்லத் தொடங்குவது நவம்பர் முடியும்போதுதான். மாதச் சம்பளக்காரருக்கு அது சரி. அவர்களுக்குப் போனஸ் வரும், பண்டிகை முற்பணம் வரும். திருகோணமலையில் கடலை நம்பியிருப்பவர்களுக்கு அந்த நேரத்தில் திட்டம் போடுவதற்குக் கையில் ஒன்றும் இராது.

எங்கள் கடலின் கணக்கு வேறு. சித்திரை கழிந்து, தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் இந்தப் பக்கக் கடல் படுத்துவிடும். மீன் படும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வெள்ளைக்காரர் வருவார்கள், புறாத்தீவுக்குப் படகு ஓடும். நீர்கொழும்பு, சிலாபம் பகுதிகளிலிருந்து கரையில் வாடி (மீன்பிடிக் குடிசை) போட வருபவர்களும் இந்த மாதங்களில்தான் இங்கே நிற்பார்கள். ஒக்டோபரில் வலையைச் சுருட்டிக்கொண்டு ஊர் திரும்புவார்கள். அவர்களுக்கு நத்தார் வருவது தங்கள் கடல் அமைதியாக இருக்கும் காலத்தில். எங்களுக்கோ வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக் காற்றோடு வருகிறது. மழை, கொந்தளிப்பு, கரையில் இழுத்துப் போட்ட படகு. பாலன் பிறப்பை யூலைக்கு மாற்றச் சொல்லி ஆயரிடம் கேட்க முடியாது. காசைத்தான் முன்னுக்கு நகர்த்த வேண்டும்.

நான் பாலையூற்றில் வீட்டோடு தையல் தைப்பவள். கணவர் தொழிலுக்குப் போகிறவர். எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் டிசெம்பர் வரும்படி மாதம். ஆகவே எல்லாரும் முன்கூட்டித் தைத்துவிட்டால் நட்டம் எனக்குத்தான். இருந்தாலும் சொல்கிறேன். சித்திரைப் புத்தாண்டு முடிந்து துணிக்கடைகள் ஈயோட்டும் நாட்களில் வாங்கிய துணியை ஓகஸ்டில் கொண்டுவந்து தருபவர்கள் கொஞ்சப் பேர் இருக்கிறார்கள். டிசெம்பர் 20ஆம் திகதி வாசலில் நின்று கெஞ்சுபவர்கள் நிறையப் பேர். “அதுக்குள்ளே பிள்ளை வளர்ந்திடுமே அக்கா” என்பார்கள். வளரட்டும். சின்னப் பிள்ளைகளின் சட்டைக்கு அடியில் மூன்று அங்குலமும் பக்கத் தையலில் ஓர் அங்குலமும் மடிப்பு விட்டுத்தான் தைக்கிறேன். நத்தாருக்கு முதல் பிரித்து இறக்கிக் கொடுப்பது சின்ன வேலை, அதற்குக் காசு வாங்குவதுமில்லை. சப்பாத்தை மட்டும் முன்கூட்டி வாங்காதீர்கள். காலுக்கு மடிப்பு விட முடியாது.

கேக்கும் அப்படித்தான். முட்டை, பட்டர், ரவை கடைசியில் வாங்க வேண்டியவை. பிளம்ஸ், சுல்தானா, செர்ரி, இஞ்சித் தோசி, பூசணித் தோசி எல்லாம் கை ஓடும் மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். பொடியாக வெட்டிப் பிரண்டியில் ஊறப்போட்டுப் போத்தலை இறுக மூடி வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும், ருசியும் கூடும். கஜுவை அதோடு போட வேண்டாம், சவத்துப் போகும். (மா ஆலை சீனன்குடாவிலேயே இருக்கிறது என்று பெயர், பலகாரத்துக்கு மா வாங்கப் போனால் எங்களுக்கும் கொழும்பு விலைதான்.) நத்தாருக்கு முதல் நான்கைந்து நாட்கள் பேக்கரி வாசலைப் பார்த்திருப்பீர்கள். ஓரத்தில் பெயர்த் துண்டு செருகிய கேக் தட்டுகள் நிலத்திலும் வாங்கிலுமாக வரிசையில் கிடக்கும். அந்த நெரிசலில் ஒன்று கருகும், ஒன்று நடுவில் வேகாமல் வரும், இன்னொன்று ஆள் மாறிப் போகும். நவம்பர் நடுப்பகுதியில் கொண்டுபோனால் போறணைக்காரர் நின்று பார்த்துச் சுட்டுத் தருவார்.

செலவைக் குறையுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பக்கத்து வீட்டுப் பலகாரத் தட்டு எங்களுக்கு வந்திருக்கும், பெருநாளைக்கு வட்டிலப்பம் வந்திருக்கும். அந்த வீடுகளுக்கு நாங்கள் தட்டு அனுப்பும் நாள் நத்தார். அதை எப்படிக் குறைப்பது?

எங்கள் ஒழுங்கையில் பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு வழி வைத்திருக்கிறோம். சாதாரணச் சீட்டு இதற்குச் சரிவராது. மாசியில் சீட்டு விழுந்தவருக்கு டிசெம்பரில் மிஞ்சுவது கட்ட வேண்டிய கட்டுக்காசு மட்டும்தான். யார் கூடக் கழிவு விடுகிறாரோ அவருக்கே காசு போகும் கழிவுச் சீட்டில் அவசரத்துக்கு எடுத்தால் நல்ல தொகை கழிவிலேயே போய்விடும். நாங்கள் மே தொடக்கம் செப்டெம்பர் முடியும் வரை கிழமைக்கு 1,000 ரூபாய் சேர்க்கிறோம். 21 கிழமைக்கு 21,000. இயலாதவர் 500 போடலாம். ஒக்டோபர் பிறந்தால் ஒருவரிடமும் கேட்பதில்லை. காசு வீட்டில் நிற்காது. மூன்று பேர் பெயரில் வங்கிக் கணக்கு, மூவரும் கையெழுத்து வைத்தால்தான் எடுக்கலாம். அதிலிருந்து யாருக்கும் கடன் இல்லை. வருத்தம், ஆஸ்பத்திரி என்றால் அவரவர் கட்டியதைத் திருப்பிக் கொடுப்போம், அவ்வளவுதான். ஓகஸ்டில் மடு மாதா கோவில் திருவிழா வரும்போதுதான் இந்த விதிக்குப் பெரிய சோதனை. அங்கே போக வான் காசுக்கு எத்தனை பேர் கேட்பார்கள் தெரியுமா! டிசெம்பர் முதல் கிழமையில் எல்லாருக்கும் ஒரே நாளில் பிரித்துக் கொடுப்போம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மட்டும் திகதி பார்க்காமல் எடுத்துக் கொடுத்தோம். சிலருக்கு அது புதுச்சட்டையாக இல்லாமல் கூரைத் தகரமாகப் போனது.

2022ஐப் பார்த்த பிறகும் காசைச் சேர்ப்பதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அந்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதம் வரை போனது, வங்கி வட்டி எந்த மூலைக்கு? அதனால்தான் துணியையும் பிளம்ஸையும் முன்பே வாங்கச் சொல்கிறேன். பொருளில் கொஞ்சம், காசில் கொஞ்சம்.

சேர்க்காவிட்டால் நடப்பது எல்லாருக்கும் தெரியும். வாடையில் அடைவு வைத்த சங்கிலியை மீட்க அடுத்த கச்சான் வரவேண்டும், அதுவரை வட்டி. இல்லையென்றால் கிழமைக் கடன். கடன் கொடுப்பவர்கள் நவம்பரிலேயே வாசலுக்கு வந்து, பெண்களைக் குழுவாக இருத்தி, பண்டிகைக்கு இவ்வளவு தருகிறோம் என்பார்கள். தை மாதம் கடல் எழும்பி நிற்கும், தவணைக்காரரும் வந்து நிற்பார். ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் இருக்கும் மற்றவர்கள் கட்ட வேண்டும். பிறகு ஒழுங்கையில் முகம் கொடுத்துப் பேச முடியாது.

கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் கோவில் சபைகளும் இந்தச் சேமிப்பைத் தாங்களே நடத்தலாம். மீன் நிறுக்கும் இடத்திலேயே, நல்லாய்ப் பட்ட நாளில், ஒரு சிறு தொகையை ஒதுக்கிப் புத்தகத்தில் பதிந்தால் போதும். வீட்டுக்கு வந்த காசை ஒதுக்குவதுதான் கஷ்டம். உப்புவெளியில் ஹோட்டல்களில் வேலை செய்யும் பிள்ளைகளும் சீசன் காசை இப்படிப் போட்டு வைக்கலாம்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். பண்டிகைச் செலவு பற்றிய கட்டுரைகளை எங்கள் பகுதிக்காக மே, யூன் மாதங்களில் போடுங்கள். கேக் குறிப்பையும் நத்தார் மலரில் போடாமல் ஒக்டோபரிலேயே போடுங்கள். மலர் கைக்கு வரும்போது நாங்கள் கேக்கைச் சுட்டு முடித்திருப்போம்.

இப்படிக்கு,
தையல்கார வாசகி,
பாலையூற்று, திருகோணமலை.