ஏற்காட்டு மலைப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

சேர்வராயன் மலை ஊர்களில் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களாக இருக்கும் அம்மாக்களுக்கும் ஐயாக்களுக்கும் வணக்கம்.

சேலத்தில் ஓர் அரசுக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். நாகலூர், மாரமங்கலம், வெள்ளக்கடை, செம்மநத்தம் பக்கமிருந்து இறங்கி வரும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் என் வகுப்புக்கு வருகிறார்கள். சுற்றுச்சுவர், கழிப்பறை, சத்துணவு எல்லாம் உங்கள் கூட்டங்களில் பேச்சாகிறது, பேச வேண்டியதுதான். அந்தப் பட்டியலில் கல்லூரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு தொடங்கினால் பாதி வேலை கைநழுவிப் போயிருக்கும்.

முதலில் சாதிச் சான்றிதழ். மற்ற வகுப்பினருக்குத் தாசில்தார் அலுவலகத்தோடு முடிந்துவிடும். நம் மலையில் வாழும் மலையாளி சமூகப் பிள்ளைக்குப் பழங்குடியினர் சான்றிதழை வருவாய்க் கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும். அதற்கு விசாரணை உண்டு, பழைய ஆவணம் கேட்பார்கள், பெற்றோருடைய சான்றிதழ் இருக்கிறதா என்பார்கள். மே மாதம் எல்லோரும் இ-சேவை மையத்தில் நிற்கும்போது நீங்களும் போய் நின்றால் கலந்தாய்வுக்குள் கைக்கு வருமா என்பது சந்தேகம். சான்றிதழ் இல்லாவிட்டால் ஒரு சதவீதப் பழங்குடி ஒதுக்கீடும் இல்லை, கல்வி உதவித்தொகையும் இல்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால் போதும், மூன்று வருடம் கையில் இருக்கிறது.

அதே நோட்டில் பெயரையும் பாருங்கள். ஆதாரில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பள்ளிப் பதிவேட்டில் இனிஷியல் மாறி இன்னொன்று. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியல் போவதற்கு முன் இதைச் சரிசெய்வது சுலபம். மதிப்பெண் பட்டியல் அச்சான பிறகு அலைச்சல்தான். உதவித்தொகை ஆதார் இணைத்த வங்கிக் கணக்குக்கு வருவதால், பெயர் பொருந்தாமல் பணம் நின்றுபோன பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள்.

இன்னொன்று. பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு மட்டும் கீழே ஏதாவது தனியார் பள்ளியில் சேர்த்தால் நல்ல மார்க் வரும் என்று சில பெற்றோர் நினைக்கிறார்கள். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டப் படிப்புகளில் 2021 முதலும் இது நடைமுறையில் இருக்கிறது. இதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. இரண்டு வருடத்துக்காகப் பள்ளி மாற்றினால் இதையெல்லாம் விட்டுக்கொடுக்கிறோம் என்பது தெரிந்தாவது மாற்றட்டும்.

பிளஸ் ஒன்னில் எந்த குரூப் என்பதையும் பக்கத்து வீட்டுப் பையனைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றையும் சேர்த்து 200-க்குத்தான் பொறியியல் கட்-ஆஃப். அதில் கணக்குக்கு மட்டும் பாதி. கணக்கு பிடிக்காத பிள்ளையை அந்த வழியில் தள்ளுவானேன்? மிளகுக் கொடியையும் காப்பிச் செடியையும் கையால் தொட்டு வளர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தோட்டக்கலையில் பி.எஸ்சி. பட்டம் இருப்பது தெரியும்? தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஏற்காட்டிலேயே இருக்கிறது. இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டமும் அங்கேதான். சுற்றுலாப் பயணிகள் போட்டோ எடுக்கும் இடம் என்று விட்டுவிடாமல், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒருநாள் அங்கே கூட்டிப்போய், வேலை செய்கிறவர்கள் என்ன படித்தார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள்.

ரிசல்ட் வந்த வாரத்தில் ஊருக்குள் ஏஜென்ட்டுகள் வருவார்கள். பஸ் இலவசம், விடுதி இலவசம், அட்வான்ஸ் மட்டும் கொடுங்கள் என்பார்கள். பணத்தைக்கூட விடுங்கள், அசல் மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் மட்டும் அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரியே தன்னிடம் நிறுத்திவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) சொல்லியிருக்கும்போது ஏஜென்ட் எதற்கு வாங்க வேண்டும்?

சரி, சேர்ந்தாகிவிட்டது. என்னைக் கேட்டால் மலைப் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் இதற்கு அப்புறம்தான் வருகிறது. முதல் செமஸ்டர் தேர்வு நவம்பர், டிசம்பரில் வரும். மலையில் காப்பிப் பழம் பறிக்கும் காலமும் அதேதான். வீட்டில் ஆள் போதவில்லை என்று பிள்ளை ஒரு வாரம் மேலே போகிறது, வாரம் இரண்டாகிறது. வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வு எழுதுவதிலேயே சிக்கல். உள்மதிப்பீட்டுத் தேர்வும் அந்த நாட்களில்தான் நடந்திருக்கும். முதல் செமஸ்டரில் மூன்று அரியர் விழுந்தால் அந்தப் பிள்ளை தனக்குப் படிப்பு வராது என்று முடிவு கட்டிவிடுகிறது. அதற்குத் திறமை இருந்ததா இல்லையா என்பது யாருக்கும் தெரியாமலே போகிறது. கூலி நஷ்டம் எனக்கும் புரிகிறது. ஆனால் பறிப்புக்குப் பிள்ளையை அழைப்பதென்றால் சனி, ஞாயிறு மட்டும் அழையுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தேர்வு நேரத்தில் இருபது கொண்டை ஊசி வளைவையும் நம்பித் தினமும் போய்வருவதைவிட, சேலத்தில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் நல விடுதியில் இடம் வாங்குவதே நல்லது. கல்லூரியில் சேர்ந்ததும் விடுதி தானாகக் கிடைத்துவிடாது. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

ஆங்கிலப் பயம் பற்றியும் ஒரு வார்த்தை. அரசு கலைக் கல்லூரிகளில் பல பட்டப்படிப்புகள் தமிழ்வழியிலும் உண்டு. ஒன்றாம் வகுப்பு முதல் பட்டம் வரை தமிழிலேயே படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமையும் இருக்கிறது. தமிழ்வழியைக் கௌரவக் குறைச்சலாகப் பார்ப்பது எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் ஆங்கிலத்தை ஒரு பாடமாக விடாமல் பிடித்துக்கொள்ளவும் வேண்டும்; இரண்டும் முடியும்.

உங்கள் ஊரிலிருந்து போன வருடம் கல்லூரி சேர்ந்த பிள்ளைகளின் பெயரும் போன் நம்பரும் பள்ளியில் இருக்கிறதா? இல்லையென்றால் அடுத்த கூட்டத்தில் அதை எழுதுங்கள். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறதா என்று கேளுங்கள். வராவிட்டால் கல்லூரி அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். அக்டோபரில் ஒருமுறை, வகுப்புக்கு ஒழுங்காகப் போகிறாயா என்று கேளுங்கள். இந்த வருடம் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளோடு அவர்களை ஒரு சனிக்கிழமை பள்ளியில் உட்காரவைத்துப் பேசவிடுங்கள். தேதி சொன்னால் நானும் மேலே வருகிறேன்.

இப்படிக்கு,
சேலத்திலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியர்