அல்ஹம்துலில்லாஹ் என்றால் ‘வலி இல்லை’ என்று அர்த்தமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு வாசகர் பக்கத்தில் ஒருவர் கேட்டிருந்தார், தன்னைப் புகழச் சொல்லும் கடவுளுக்கும் மேடையில் பொன்னாடைக்குக் காத்திருக்கும் பெரிய மனிதர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று. முஸ்லிம் நண்பர்கள் எதற்கெடுத்தாலும் ‘அல்ஹம்துலில்லாஹ்’ (புகழ் அல்லாஹ்வுக்கே) என்பதைக் கேட்டுக் கேட்டு வந்த சந்தேகமாம். கொஞ்சம் கிண்டல் கலந்திருந்தாலும் நியாயமான கேள்விதான். தொடக்கக்கல்லூரியில் படிக்கும்போது நானும் கிட்டத்தட்ட இதையே அத்தாவிடம் (அப்பாவிடம்) கேட்டுத் திட்டு வாங்கியிருக்கிறேன். நான் மார்க்கக் கல்வி முடித்த ஆலிமா இல்லை, ஏதோ ஓதிப் படித்த அளவுக்கு எழுதுகிறேன்.

முதலில் ஆஸ்பத்திரிக் கதையைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் சர்க்கரை வியாதியால் அத்தாவுக்கு வலது கால் கட்டைவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. மறுநாள் காலையில் தாதி வந்து, “அங்கிள், வலி எப்படி இருக்கு? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்ள சொல்லுங்க” என்று கேட்க, அத்தா “அல்ஹம்துலில்லாஹ்” என்றிருக்கிறார். அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே பூஜ்யம் என்று பதிந்துவிட்டுப் போய்விட்டது. மத்தியானமும் இதே கேள்வி, இதே பதில். வேலை முடிந்து சாயங்காலம் நான் போனபோது கட்டில் கம்பியைப் பிடித்திருந்த அத்தாவின் விரல் முட்டிகள் வெளுத்துப் போயிருந்தன, நெற்றியெல்லாம் வேர்வை, உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. தாதியிடம் ஓடினால், “அங்கிள் வலி இல்லைன்னுதானே சொன்னாரு அக்கா” என்கிறாள். மலேசியாவின் ஜொகூரில் மலாய்ப் பிள்ளைகளோடு படித்து வளர்ந்த தமிழ்ப் பெண். அங்கே மலாயில் ‘அப்பா கபார்’ (எப்படி இருக்கீங்க) என்று நலம் கேட்டால் ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்று பதில் வரும், அதனால் அவளுக்கு அந்தச் சொல்லுக்கு ‘நல்லா இருக்கேன்’ என்றுதான் அர்த்தம். அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது.

“எட்டுன்னு சொல்ல வேண்டியதுதானே அத்தா?” என்று சத்தம் போட்டேன். “எப்படி இருக்குன்னு கேட்டுச்சும்மா, வேற என்ன சொல்றது?” என்றார். வலி மருந்து ஏறி அவர் தூங்கும்வரை உட்கார்ந்து யோசித்ததில்தான் எனக்கே சில விஷயங்கள் பிடிபட்டன.

நம்மில் நிறையப் பேர் இந்தச் சொல்லைக் ‘கடவுளுக்கு நன்றி’ என்று மொழிபெயர்க்கிறோம், பத்திரிகைகளும் அப்படித்தான் போடுகின்றன. தப்பு என்று சொல்லமாட்டேன், ஆனால் போதாது. நன்றி என்றால் நமக்கு ஏதாவது கிடைத்திருக்க வேண்டும். அதற்கு அரபியில் ‘ஷுக்ர்’ என்று தனிச் சொல்லே இருக்கிறது. ‘ஹம்து’ கிடைத்ததற்கும் உண்டு, கிடைக்காதபோதும் உண்டு. அல்லாஹ் எப்படிப்பட்டவனோ அதற்காக, அன்போடும் மரியாதையோடும் சொல்வது அது. நபிகள் நாயகம் (ஸல்) பிடித்தமான ஒன்றைக் கண்டால் யாருடைய அருளால் நல்லவை நிறைவேறுகின்றனவோ அந்த அல்லாஹ்வுக்கே புகழ் என்பார்களாம், பிடிக்காததைக் கண்டால் ‘அல்ஹம்துலில்லாஹி அலா குல்லி ஹால்’, அதாவது எல்லா நிலையிலும் புகழ் அல்லாஹ்வுக்கே என்பார்களாம். இப்னு மாஜா என்ற தொகுப்பில் இருக்கிற ஹதீஸ், அதாவது நபிமொழி. அத்தா சொன்னது இந்த இரண்டாவதின் சுருக்கம்.

இன்னொன்று, ‘நான் புகழ்கிறேன்’ என்று அந்த வாக்கியத்தில் கிடையாது. வினைச்சொல்லே இல்லை. புகழ் அவனுக்கு உரியது, அவ்வளவுதான், நான் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அது அப்படியே இருக்கும். 2009ல் ஆஸ்கர் மேடையில் ஏ.ஆர். ரஹ்மான் “எல்லாப் புகழும் இறைவனுக்கே” என்றாரே, அதிலும் வினைச்சொல் கிடையாது. அரபியில் ‘அல்ஹம்து’வின் ‘அல்’லும் ‘லில்லாஹ்’வின் ‘லி’யும் செய்கிற வேலையைத் தமிழில் ‘எல்லா’வும் அந்தக் கடைசி ‘ஏ’யும் செய்துவிடுகின்றன. பள்ளிக்கூடத்தில் பிரிநிலை ஏகாரம் என்று மனப்பாடம் செய்தோமே, அதே ஏகாரம். கையில் இரண்டு ஆஸ்கரை வைத்துக்கொண்டு ஒருவர் அதைச் சொன்னபோது அது எங்கே போய் இடித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், இடிக்க வேண்டியது சொல்பவரின் தலைக்கனத்தைத்தான்.

அந்த வாசகர் கேட்ட ‘கடவுளுக்கு எதற்கு?’ என்பதற்கு வருகிறேன். தேவையே இல்லை என்பதுதான் பதில். குர்ஆனில் லுக்மான் அத்தியாயத்தில், நன்றி செலுத்துகிறவர் தமக்காகவே செலுத்துகிறார், மறுப்பவர் மறுக்கட்டும், அல்லாஹ் ‘கனிய்’, ‘ஹமீத்’ என்று வருகிறது. தேவை எதுவும் இல்லாதவன், புகழுக்குரியவன், இரண்டு பெயரும் பக்கத்துப் பக்கத்தில். மனிதர்களும் ஜின்களும் முதலாமவர் முதல் கடைசி ஆள் வரை பரம பக்தர்களாக ஆகிவிட்டாலும் என் ஆட்சியில் எதுவும் கூடிவிடாது என்று அல்லாஹ் சொல்வதாக, ‘முஸ்லிம்’ என்ற ஹதீஸ் தொகுப்பில் ஒரு ஹதீஸ் குத்ஸி (இறைவன் சொன்னதாக நபி அறிவிப்பது) உண்டு. பொன்னாடை எதிர்பார்க்கிறவர் பேசுகிற பேச்சா இது? பொன்னாடை விஷயத்தில் மார்க்கம் ரொம்பவே கறார். முகத்துக்கு முன்னால் புகழ்ந்து தள்ளுகிறவர்களின் முகத்தில் மண்ணை அள்ளிப் போடச் சொல்லியிருக்கிறார்கள் நபிகள் நாயகம். அதைப் பின்பற்றினால் நம் சமூக நிகழ்ச்சிகள் பலவும் முக்கால் மணி நேரம் முன்னதாகவே முடிந்து பிரியாணியும் சூடாகக் கிடைக்கும்.

ஐந்து வேளைக் கடமையான தொழுகையில் மட்டும் ஒரு நாளைக்கு 17 ரக்அத் (நின்று, குனிந்து, சிரம் பணியும் ஒரு சுற்று ஒரு ரக்அத்). ஒவ்வொன்றிலும் குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹா, எங்கள் வீட்டு வழக்கில் ‘அல்ஹம்து சூரா’, ஓத வேண்டும். புகழ்தான் முதலில், ‘நேர்வழி காட்டு’ என்று கேட்பதெல்லாம் அதற்கப்புறம்தான். காரியம் ஆக ஐஸ் வைப்பது போலத்தானே இதுவும் என்று அந்தக் காலத்தில் எனக்குத் தோன்றியிருக்கிறது (திட்டு வாங்கியது இதற்குத்தான்). யாரிடம் கேட்கிறோம் என்று தெரிந்துகொண்டு கேட்கச் சொல்கிறார்கள் என்று இப்போது புரிகிறது.

அதற்காக வலியை மறைக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. அய்யூப் நபி, “என்னைத் துன்பம் தீண்டிவிட்டது, நீயோ கருணையாளர்களில் எல்லாம் பெரும் கருணையாளன்” என்றுதானே கையேந்தினார்கள்? துன்பமும் புகழும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டன பாருங்கள். நபிகள் நாயகம் தம் கைக்குழந்தை இப்ராஹீம் இறந்தபோது கண்ணீர் விட்டு அழுதார்கள். கண் அழுகிறது, உள்ளம் வேதனைப்படுகிறது, இறைவனுக்குப் பிடிக்காததை மட்டும் சொல்லமாட்டோம் என்றார்கள். தவறு எங்கள் பக்கமும் இருக்கிறது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவுவதற்கும், போனை வைப்பதற்கும்கூட இந்தச் சொல்லை எடுத்துவிடுகிறோம். பக்கத்தில் இருப்பவர்களுக்கு வேறு எப்படித்தான் புரியும்?

மறுநாள் அந்தத் தாதிப் பெண் அத்தாவிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். “அங்கிள், நம்பர் முதல்ல, அல்ஹம்துலில்லாஹ் அப்புறம்.” அத்தா கொஞ்ச நேரம் யோசித்தார். “அல்ஹம்துலில்லாஹ், ஏழு” என்றார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பிடோக்