'ஒன்லி' படுத்திய பாடு

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுவது. நேற்று போனில் பாதியிலேயே பேச்சை மாற்றிவிட்டாய். அழுகையை அடக்கியது எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் மறுபடி கூப்பிடாமல் எழுதுகிறேன்.

தாய்லாந்தில் நீ நடத்தும் இங்கிலீஷ் வகுப்புக்கு 'நேட்டிவ் ஸ்பீக்கர்தான் வேண்டும்', அதாவது இங்கிலீஷைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்தான் வேண்டும் என்று ஒரு பையனின் அம்மா சொன்னாளாம், உன் வகுப்பைப் பிடுங்கி அந்த ருமேனியாக்காரரிடம் கொடுத்துவிட்டார்களாம். ருமேனியாவில் இங்கிலீஷ் எவனுக்கம்மா தாய்மொழி? முகம் வெளுப்பாக இருந்தால் போதும் போலிருக்கிறது. கொரியாக்காரனாவது வெளிப்படையாக இருக்கிறான். அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்று ஏழு நாட்டுக்காரர்களுக்குத்தான் அங்கே பொதுவாக இங்கிலீஷ் வாத்தியார் விசா.

ஆனால் அந்த அம்மாவைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. வெள்ளைக்கார வாத்தியார் மதுரைக்குப் புதிதல்ல. அமெரிக்க மிஷன் வந்தது 1834-இல், அமெரிக்கன் கல்லூரி தொடங்கியது 1881-இல். நான் பி.ஏ. படித்த இடத்துக்கும் அமெரிக்காவிலிருந்து ஒரு பையன் ஒரு வருடம் பாடம் நடத்த வந்தான். பையன்தான், எங்களைவிட மூன்று வயது மூத்திருப்பான். அவன் வகுப்பென்றால் முதல் பெஞ்சுக்கு அடிதடி. ஜோக் அடித்தால் புரியாமலேயே சிரிப்போம். நம்மூர் வாத்தியார் வந்தால் வேப்பமரத்தில் காக்காய் எண்ணுவோம். ஒன்றை மறுக்கமாட்டேன். அவனுக்குத் தமிழ் தெரியாததால் டீக்கடையில்கூட நாங்கள் இங்கிலீஷில் வாயைத் திறந்தே ஆகவேண்டியிருந்தது. அந்தத் தைரியம் அவன் கொடுத்தது.

ஒருநாள், 'என் அறைக்கு நேற்று யார் வந்தது?' என்று கேட்டான். நான் முத்துவைக் காட்டி, 'ஹீ ஒன்லி கேம், சார்' என்றேன். விழித்தான். 'வந்தான், வேறொன்றும் செய்யவில்லை என்கிறாயா?' என்றான். தப்பென்று அவனுக்குத் தெரிகிறது. ஏன் அப்படிச் சொன்னேன் என்பது தெரியவில்லை. 'காதுக்குச் சரியாக இல்லை' என்பதோடு விட்டுவிட்டான்.

மறுநாள் நம்மூர் வாத்தியாரிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே கரும்பலகையில் 'அவன்தான் வந்தான்' என்று எழுதி, 'தான்'-ஐ வட்டமிட்டார். 'இதைத் தூக்கிக்கொண்டு போய் ஒன்லி ஆக்கிட்ட. இங்கிலீஷ்காரன் தான்-ஐ வார்த்தையில வைக்கலடா, குரல்ல வச்சிருக்கான்' என்று சொல்லி, 'ஹீ' என்பதை மட்டும் அழுத்தி 'ஹீ கேம்' என்று சொல்லிக் காட்டினார். அவருக்கும் ஒரு காலத்தில் அதே இடத்தில் கால் இடறியிருக்கும். அதற்கப்புறம் உசிலம்பட்டிப் பக்கம் 31 வருடம் வேலை பார்த்தேன். அந்த வட்டத்தைப் போடாத வருடம் கிடையாது.

எனக்கும் அடி விழுந்திருக்கிறது. 'சார் இங்கிலீஷ் பேசுனா தமிழ் மாதிரியே இருக்கு' என்று ஒரு எட்டாம் வகுப்புப் பையன் சொன்னான். ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று வாயைக் கோணிப் பார்த்தேன். உன் அம்மாவுக்கு இது தெரியாது, சொல்லிவிடாதே.

தாய்மொழியாகப் பேசுகிறவர்தான் நல்ல வாத்தியார் என்ற எண்ணத்துக்கு 1961-இல் உகாண்டாவில் இங்கிலீஷ் கற்பிப்பது பற்றி நடந்த மக்கெரேரே மாநாட்டைக் காட்டுவார்கள். அந்த எண்ணம் வெறும் பிரமை என்று மொழி ஆய்வாளர் ராபர்ட் பிலிப்ஸன் 1992-இல் எழுதினார். இதெல்லாம் நீ படித்ததுதான். எனக்குப் பிடித்தது ஹங்கேரிக்காரர் பீட்டர் மெட்ஜெஷ் சொன்னது. மாணவன் எங்கே திணறுவான் என்பது, அந்த மொழியைத் தானும் கஷ்டப்பட்டுக் கற்றவருக்கு முன்கூட்டியே தெரியுமாம். அப்படிப் பார்த்தால் அந்த ருமேனியாக்காரரும் உன் கட்சிதான். அவரிடம் முகத்தைத் திருப்பாதே. நேட்டிவ் என்று நடிக்கவேண்டியது அவர் தலையெழுத்து.

உன் தாய்லாந்துப் பிள்ளைகள் வார்த்தைக் கடைசியில் வரும் மெய்யெழுத்தை முழுங்கிவிடுகிறார்கள் என்று சொன்னாயே, அதை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நம் பிள்ளைகள் நேர்மாறு, 'பஸ்'ஸைப் 'பஸ்ஸு' ஆக்கி வால் ஒட்டுவார்கள். இரண்டையும் போர்டில் பக்கத்துப் பக்கத்தில் எழுதி, 'எங்க ஊர்ல இப்படித்தான் தப்பு பண்ணுவோம்' என்று நீயே பேசிக் காட்டிப் பாரேன். முதலில் உன்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

இட்லிப் பொடியும் சுக்குமல்லிப் பொடியும் பார்சலில் வருகின்றன. அப்புறம் ஒன்று. தாய்லாந்து பாஷையில் நம் 'தான்'-க்கு என்ன சொல்கிறார்கள்? அந்தப் பிள்ளைகளிடமே கேட்டு எழுது.

அப்பா