எருக்குவியலில் ஓர் அம்மா

அன்புள்ள மீனா,

உன் மகள் மாலா கல்யாணமாகி டொரன்டோ போனபிறகு தவிக்கிற தவிப்பையெல்லாம் கொட்டி நீ எழுதிய கடிதம் வந்து ஏழு வாரம் ஆகிறது. படித்த அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன், நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. "கவலைப்படாதே, எல்லாம் சரியாகும்" என்று எழுதினால் நீ கிழித்துப் போட்டுவிடுவாய். வேறு என்ன எழுதுவது என்றும் தெரியவில்லை, அப்படியே தள்ளிப்போட்டுவிட்டேன். தப்புதான், மன்னித்துவிடு. இங்கே கேம்பிரிட்ஜில் எல்லோரும் சௌக்கியம். பவித்ராவுக்கு எட்டாம் மாதம், கால் கொஞ்சம் வீங்குகிறது, பயப்பட ஒன்றுமில்லை என்கிறார்கள். குளிர்தான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அண்ணாவுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று நீ எழுதவேயில்லை, அதையும் எழுது.

போன செவ்வாய்க்கிழமை ஒன்று பார்த்தேன். அதை உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும்.

பவித்ராவும் மாப்பிள்ளையும் செக்கப்புக்குக் கிளம்பினார்கள். என்னை வழியில் ஃபிட்ஸ்வில்லியம் மியூசியத்தில் இறக்கிவிட்டுப் போனார்கள். டிக்கெட் கிடையாது, வெளியே நசநசவென்று மழை, நானும் உள்ளே போய்ச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தேன். கிரேக்கச் சிலைகள் இருக்கிற கூடத்தில் ஒரு பெரிய பெண் சிலை. இடுப்புக்கு மேல்தான் மிச்சம், அதுவே என்னைவிட உயரம். தலையில் வட்டமாக ஒரு பெட்டி, அதைச் சுற்றித் தானியக் கதிரெல்லாம் செதுக்கியிருக்கிறார்கள், கதிர் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. முகம்தான் இல்லை மீனா. ஊர் எல்லையில் வெயிலிலும் மழையிலும் நின்று தேய்ந்துபோன கல்லைப் பார்த்திருப்பாய் அல்லவா, அந்த மாதிரி. பக்கத்தில் இருந்த குறிப்பைப் படித்தேன், வீட்டுக்கு வந்து கையில் கிடைத்ததையெல்லாம் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் படித்தேன்.

ஏதென்ஸுக்குச் சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி எலூசிஸ் என்று ஓர் ஊர். பழைய கிரேக்கர்களுக்கு டிமீட்டர் என்கிற தானியத் தெய்வத்தின் பெரிய கோயில் அங்கேதான் இருந்தது. ரோமானியர்கள் அவளையே சீரிஸ் என்றார்கள். இந்த ஊர்க்காரர்கள் காலையில் பாலில் போட்டுச் சாப்பிடுகிற சீரியல் அந்தப் பெயரிலிருந்து வந்த வார்த்தைதான் (நீ தினமும் ஏழரைக்குப் பார்க்கிற சீரியல் இல்லை, அது வேறு). கிறிஸ்தவம் வந்தபிறகு கோயில் போய்விட்டது. 4ஆம் நூற்றாண்டின் கடைசியில் தியோடோசியஸ் பேரரசர் பழைய வழிபாட்டையெல்லாம் தடை செய்துவிட்டார். ஆனால் கோயில் வாசலில் நின்ற இந்தக் கல் மட்டும் ஊரிலேயே கிடந்திருக்கிறது. 1801இல் கிளார்க் என்கிற கேம்பிரிட்ஜ்காரர் அங்கே போனபோது, கழுத்துவரைக்கும் எருவுக்குள் நின்றிருக்கிறாள். குப்பையில் வீசிவிட்டார்கள் என்று நினைக்காதே. ஊர் ஜனங்கள்தான் எருவைக் கொண்டுவந்து கொட்டிவைத்தார்கள், அவள் இருக்கிறவரைக்கும் வயல் விளையும் என்று. விசேஷ நாளில் விளக்கு ஏற்றியிருக்கிறார்கள். எல்லோரும் கிறிஸ்தவர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள். இருந்தாலும் அவளை விடவில்லை.

அப்போது அங்கே துருக்கியர் ஆட்சி. கிளார்க் ஏதென்ஸ் அதிகாரிக்கு ஒரு டெலஸ்கோப்பைக் கொடுத்து அனுமதி வாங்கிவிட்டார். தூக்குவதற்கு முந்தின சாயங்காலம், நுகத்திலிருந்து அவிழ்த்துவிட்ட மாடு ஒன்று நேரே வந்து சிலையைக் கொம்பால் முட்டிவிட்டுக் கத்திக்கொண்டே வயல்வெளியில் ஓடியிருக்கிறது. ஜனங்கள் நடுங்கிப்போய்விட்டார்கள். யாரும் தொட மாட்டேன் என்றதும், கடைசியில் ஊர்ச் சாமியார் அங்கியெல்லாம் போட்டுக்கொண்டு வந்து முதல் கடப்பாரையைப் போட்டாராம். இவளை ஏற்றிப் போகிற கப்பல் உருப்படாது என்று ஊரே சொல்லியிருக்கிறது. அந்தக் கப்பல் இங்கிலாந்துக் கரையை நெருங்கி, பீச்சி ஹெட் பக்கத்தில் உடைந்தே போனது! சிலையை மட்டும் மீட்டுக் கொண்டுவந்து இங்கே வைத்துவிட்டார்கள். அவர்கள் ஊரில் அவள் தலையில் கதிர் இருந்தது, காலடியில் எரு இருந்தது. இங்கே சுத்தமான தரையில் நிற்கிறாள். எனக்கு வயிறு எரிந்தது.

படித்தவர்கள் பிற்பாடு சொல்லிவிட்டார்கள், இது டிமீட்டரே இல்லை, கோயில் வாசலில் பூசைப் பெட்டியைச் சுமந்து நின்ற ஒரு பெண்ணின் சிலை, ஜோடிச் சிலை இன்னும் எலூசிஸிலேயே இருக்கிறது என்று. இருக்கட்டும். அந்த ஜனங்களுக்கு அவள்தான் அம்மா. எனக்கும் அப்படித்தான்.

சரி, டிமீட்டரின் கதைக்கு வருகிறேன், உனக்கு எழுத வந்ததே அதற்குத்தான். கல்லூரியில் நாமும் இதைப் படித்தோம், ஞாபகம் இருக்கிறதா? டிமீட்டரின் மகள் பெர்சிபோனி பூப் பறித்துக்கொண்டிருந்தாள், பூமி பிளந்தது, பாதாள ராஜா ஹேடீஸ் தேரில் வந்து பாதாளத்துக்குத் தூக்கிக்கொண்டு போனான், மாதுளை சாப்பிட்டாள், அதனால்தான் வருஷத்தில் கொஞ்சநாள் பயிர் விளையாத காலம் வருகிறது. பரீட்சைக்கு அவ்வளவு போதும் என்று எழுதிவிட்டு வந்தோம். இப்போது இதை முதல்முதலில் விரிவாகச் சொல்கிற பழைய கிரேக்கப் பாட்டை இங்கிலீஷில் முழுசாகப் படித்தேன். ஐந்நூறு வரிக்குக் கொஞ்சம் குறைச்சல். ஹோமர் பெயரில் வழங்கினாலும் அவர் எழுதியது இல்லை என்கிறார்கள். ஒரே ஒரு கையெழுத்துப் பிரதியில்தான் அது பிழைத்திருக்கிறது, அதுவும் 1777இல் மாஸ்கோவில் கிடைத்தது. கிடைக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பகீர் என்கிறது, ஏனென்றால் அது முக்கால்வாசியும் அம்மாவின் கதை.

பெண்ணைக் கொடுத்தது யார் தெரியுமா? அப்பன் ஜீயஸ், தேவர்களுக்கெல்லாம் ராஜா. தம்பிக்காரனோ அண்ணனோ, ஹேடீஸ் அவனுக்குக் கூடப்பிறந்தவன், அவனுக்குத் தரச் சம்மதித்துவிட்டான். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவள் பெண்ணின் அலறலை மட்டும் கேட்டுவிட்டு, ஒன்பது நாள் சோறு தண்ணீர் இல்லாமல், குளிக்காமல், ரெண்டு கையிலும் தீவட்டியைப் பிடித்துக்கொண்டு பூமியெல்லாம் தேடுகிறாள். (நம் ஹாஸ்டல் மேட்ரனின் டார்ச் லைட் ஞாபகம் வந்தால் சிரித்துக்கொள். எனக்கும் வந்தது.) கடைசியில் சூரியன்தான் நடந்ததைச் சொல்கிறான். சொல்லிவிட்டு என்ன சொல்கிறான் தெரியுமா, "அழாதே, மாப்பிள்ளை ஒன்றும் குறைச்சலானவன் இல்லை, பெரிய இடம்." மீனா, சத்தியமாக அப்படித்தான் வருகிறது! உன் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். "நல்ல இடம், நல்ல பையன், இதற்கு மேல் என்ன வேணும், எதற்கு அலமாரியைத் திறந்து திறந்து மூடுகிறாய் என்று அவர் கேட்கிறார்" என்று நீ எழுதியிருந்தாயே, அந்த வரி.

மாலாவை யாரும் தூக்கிப் போகவில்லை, அவளே பார்த்துப் பிடித்துத்தான் போனாள், டொரன்டோவும் பாதாளம் இல்லை, எனக்குத் தெரியாதா. ஆனால் ஒன்பது நாள் சாப்பிடாமல் திரிந்தவளைக் கிரேக்கர்கள் பைத்தியம் என்று சொல்லவில்லை. அவளுக்குக் கோயில் கட்டினார்கள். "எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயமாயிருக்கிறது" என்று எழுதியிருந்தாய். பிடிக்கவில்லை. இதை ஒரு மாசம் முன்னாலேயே நான் சொல்லியிருக்க வேண்டும்.

அப்புறம் அவள் கிழவி வேஷத்தில் எலூசிஸுக்கு வந்து கிணற்றடியில் உட்கார்ந்திருக்கிறாள். தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் நாலு பேர் பரிதாபப்பட்டு வீட்டுக்குக் கூட்டிப் போகிறார்கள். அங்கேயும் முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள், ஒன்றும் தொடவில்லை. அந்த வீட்டு வேலைக்காரி இயாம்பி எதையெதையோ கேலி பேசி அவளைச் சிரிக்க வைக்கிறாள். சிரித்த பிறகுதான் அவளுக்கு ஏதாவது இறங்குகிறது. ஒயின் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பார்லியைத் தண்ணீரில் கலந்து, புதினா ஜாதி இலை ஒன்றைப் போட்டு வாங்கிக் குடிக்கிறாள். அதற்கப்புறம் அந்தக் கோயிலில் வருஷா வருஷம் விரதமிருந்து வந்தவர்கள் எல்லோரும் அதையே குடித்திருக்கிறார்கள்.

துக்கத்தை விட்டாளா என்றால் அதுவும் இல்லை. ஒரு விதை முளைக்காமல் பண்ணிவிட்டாள். தேவர்கள் ஒவ்வொருவராக வந்து கெஞ்சினார்கள், என் பெண்ணைக் கண்ணால் பார்க்காமல் ஆகாது என்றுவிட்டாள். ஜீயஸே இறங்கிவந்தான். பாதாளத்தில் ஒரே ஒரு மாதுளை முத்தைத் தின்ற குற்றத்துக்குப் பெண் வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கு கீழே, மற்றதெல்லாம் அம்மாவோடு.

இவ்வளவு பெரிய கதையிலிருந்து ஐரோப்பா எதை எடுத்துக்கொண்டது என்று பார்த்தால்தான் ஆத்திரம் வருகிறது. ரோமில் பெர்னினி 1621-22இல் செய்த பளிங்குச் சிலையைப் பவித்ரா கம்ப்யூட்டரில் காட்டினாள். செய்தபோது வயசு 23தான். ஹேடீஸின் விரல் அந்தப் பெண்ணின் தொடையில் அமுங்கியிருக்கிறது, கல் என்று நம்பவே முடியாது, கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் வேறு. கையைக் கும்பிடலாம், அப்படி வேலை. ஆனால் அம்மா எங்கே? காலடியில் மூன்று தலை நாய்க்கு இடம் இருக்கிறது, அவளுக்கு இல்லை. எத்தனையோ ஓவியங்களில் தூக்கிப் போகிற அந்த ஒரு நிமிஷம்தான். நூற்றாண்டுக் கணக்கில் அதையே பார்த்துப் பழகினவர்களுக்குக் கதையே அதுதான் என்று ஆகிவிட்டது.

எல்லோரையும் சொல்ல முடியாது. இங்கிலீஷ் கவி மில்டன் போகிற போக்கில் ஒரு வரியில், உலகமெல்லாம் மகளைத் தேடி அலைந்த தாயின் வலியைச் சொல்லிவிடுகிறார். லெய்ட்டன் 1891இல் வரைந்த படத்தில் பெண் மேலே வருகிறாள், குகை வாயில் அம்மா ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கிறாள், லீட்ஸில் இருக்கிறதாம், குழந்தை பிறந்ததும் கூட்டிப் போகிறேன் என்றிருக்கிறார் மாப்பிள்ளை. அப்புறம் ஃபிராங்கன்ஸ்டைன் நாவலை எழுதிய மேரி ஷெல்லி. 1818இல் ஒரு பெண் குழந்தை போய்விட்டது, அடுத்த வருஷமே பையன் போய்விட்டான். அதற்கடுத்த வருஷம், 1820இல், உட்கார்ந்து இந்தக் கதையைத்தான் நாடகமாக எழுதியிருக்கிறாள், அம்மாவைச் சுற்றி. வேறு எந்தக் கதையை எழுதுவாள், சொல்லு. அதைப் படித்த ராத்திரி பவித்ராவின் அறைக்கதவைத் திறந்து, தூங்குகிறாளா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

நீ எலும்பும் தோலுமாக ஆகிவிட்டாய் என்று அண்ணா போனில் சொன்னார். அவர் குரலும் சரியாக இல்லை மீனா. சூரியன் மாதிரி பேசுகிறாரே தவிர, மாலா ஏர்போர்ட்டில் உள்ளே போனதும் அவர் தூணுக்குப் பின்னால் போய் நின்றதை நான் பார்த்தேன், நீ பார்க்கவில்லை. அவரைத் திட்டாதே.

மாலாவோடும் பேசினேன். ஜூலையில் ஆறு வாரம் வருகிறாள், டிக்கெட் போட்டாயிற்று, உன்னிடம் அவளே சொல்ல வேண்டும் என்று இருந்தாள், நான் உளறிவிட்டேன். தெரியாத மாதிரியே இரு.

நம் ஹாஸ்டல் ராஜி ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் வீட்டுக்கு வருகிறாள். மேட்ரன் கதையை முதலிலிருந்து சொல்லச் சொல்லியிருக்கிறேன். தலைவலி என்று திருப்பி அனுப்பாதே. அவள் என்ன பேசினாலும் கேள், கையில் என்ன கொண்டுவந்தாலும் குடி.

அன்புடன்,
உன் சுசீலா